மாடு என்று போட்டிருந்தால் போதுமா? ஹலால் கொலாஜனும் ஜெலட்டினும் வாங்கும் முன்

வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மாவுக்கு 58 வயது. மாடிப்படி இறங்கினால் முட்டி வலிக்கிறது, தோலும் தளர்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார். மச்சான் துபாயிலிருந்து வரும்போது கொலாஜன் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்திருக்கிறார். அதில் 'போவைன்' (மாட்டிலிருந்து எடுத்தது) என்றும் 'கிராஸ் ஃபெட்' என்றும் போட்டிருக்கிறது. ஹலால் முத்திரை எங்கும் இல்லை. "மாடுதானே, பன்றி இல்லையே" என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, உம்மா மட்டும் டப்பாவைத் திறக்காமல் வைத்திருக்கிறார். இதைக் குடிக்கலாமா, கூடாதென்றால் எதை வாங்குவது, ஜெலட்டின் கேப்ஸ்யூலுக்கும் இதே கணக்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உம்மா செய்தது சரி. மாடு என்ற சொல் பாதிக் கேள்விக்குத்தான் பதில். எந்தப் பிராணி என்று தெரிந்துவிட்டது. பிஸ்மி சொல்லி அறுத்த மாடா, தானாகச் செத்த மாடா, வேறு முறையில் கொன்ற மாடா என்பது இன்னும் தெரியவில்லை. 'கிராஸ் ஃபெட்' என்பது அது புல் மேய்ந்தது என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. துபாயில் வாங்கியது என்பதும் சான்றாகாது. அங்கே கடைகளிலும் இணையத்திலும் அமெரிக்கச் சரக்கும் ஐரோப்பியச் சரக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன.

நான் ஆலிம், அதாவது மார்க்க அறிஞர் இல்லை. பதினாறு வருஷம் கேப்ஸ்யூலும் சத்துப் பவுடரும் தயாரிக்கும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். மூலப்பொருளோடு வரும் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மார்க்கத் தீர்ப்பை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் என்ன கேட்பது என்பதற்கு இது உதவும்.

கொலாஜனும் ஜெலட்டினும் ஒரே தாய்க்குப் பிறந்தவை. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் புரதம்தான் கொலாஜன். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான். மூன்று இழைகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். அமிலத்திலோ சுண்ணாம்பிலோ ஊறவைத்து வெந்நீரில் காய்ச்சினால் அந்த முறுக்கு அவிழ்ந்துவிடும். அதுதான் ஜெலட்டின். ஆறினால் உறையும். ஜெலட்டினை என்சைம் போட்டு இன்னும் சின்னத் துண்டுகளாக வெட்டினால் கொலாஜன் பெப்டைடு. உறையாது, குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். உங்கள் டப்பாவில் இருப்பது இந்தக் கடைசி வகை.

ஜெலட்டின் ஆலை ஒன்றை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தேன். நொறுக்கிய எலும்பு மலையாகக் குவிந்திருக்கும். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நாள்கணக்கில் போடுவார்கள். சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்து, பஞ்சுபோல் அமுங்குகிற ஒரு எலும்பு மிஞ்சும். அதற்கு ஒசின் என்று பெயர். கரைந்து போனதைக்கூட விடமாட்டார்கள், டைகால்சியம் பாஸ்பேட்டாக எடுத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். ஒசினைச் சுண்ணாம்புத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கழுவி, வெந்நீரில் படிப்படியாகச் சூடேற்றிச் சாறு எடுப்பார்கள். வடிகட்டி, சுண்டவைத்து, குளிரவைத்தால் அது சேமியா மாதிரி இழை இழையாக வெளியே வரும். உலர்த்தி அரைத்ததும் வெள்ளையாக, வாசனை இல்லாத குருணை. அதைக் கையில் அள்ளிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். முதல் குவியலில் எந்தெந்த ஊர் எலும்பு சேர்ந்தது என்று இந்தக் குருணையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சிக்கலே அங்கேதான். கொச்சி, வாப்பி, ஜபல்பூர் என்று நம் நாட்டில் ஜெலட்டின் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் மாடு, எருமை எலும்புதான் மூலப்பொருள். பன்றி என்ற பயம் அந்த அளவில் குறைவு. ஆனால் எலும்பு வியாபாரிகள் திரட்டும் சரக்கில் அறுப்புக்கூடத்து எலும்பும் செத்த மாட்டு எலும்பும் தனித்தனியாகப் பிரிந்து வரும் என்று சும்மா நம்பிவிட முடியாது. ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே உண்ணும் ஜெலட்டினுக்குப் பன்றித்தோல்தான் முதன்மை மூலப்பொருள். தொழிலில் அமில முறையில் எடுப்பதை 'ஏ' வகை என்றும், சுண்ணாம்பு முறையில் எடுப்பதை 'பி' வகை என்றும் சொல்வோம். 'ஏ' வகை என்றால் பெரும்பாலும் பன்றித்தோல், சில சமயம் மீன். 'பி' வகை என்றால் பெரும்பாலும் மாடு. ஆலை அனுப்பும் தரச்சான்றில் இந்த எழுத்து இருக்கும். கடையில் வாங்கும் டப்பாவில் இருக்காது.

இனி நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் வாதம்: "இவ்வளவு அமிலம், சுண்ணாம்பு எல்லாம் போட்டு உருமாறிவிட்டதே, இன்னும் என்ன ஹராம்?" இதை இஸ்திஹாலா என்பார்கள். ஒரு நஜீஸான (அசுத்தமான) பொருள் முழுதாக வேறு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்பது அடிப்படை. ஹனபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) இதற்கு இடம் அதிகம். ஷாபிஈ மத்ஹபில் மது தானாகக் காடியாவது போன்ற சில இடங்களோடு நின்றுவிடும். செத்த பிராணியின் எலும்பிலும் இந்த வித்தியாசம் உண்டு. பன்றியைத் தவிர மற்றவற்றின் காய்ந்த, கொழுப்பு ஒட்டாத எலும்பை ஹனபிகள் நஜீஸாகக் கருதுவதில்லை. ஷாபிஈயில் அது நஜீஸ்தான். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று ஷாபிஈ வழியில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆம்பூரில் ஹனபி வழியில் போகும் உறவினர் சாப்பிடுகிறார் என்பது உங்களுக்கு ஆதாரமாகாது.

உலக அளவிலும் ஒரே கருத்து இல்லை. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக்கூடாது, தாவரத்திலிருந்தோ முறைப்படி அறுத்த பிராணியிலிருந்தோ எடுத்தது போதும் என்றது. 1995-இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கு, உருமாற்றத்தால் உண்டான ஜெலட்டின் சுத்தமானது, உண்ணலாம் என்ற பக்கம் சாய்ந்தது. இரண்டையும் படித்த பிறகும் நான் முதல் கருத்தையே பிடித்திருக்கிறேன். ஆலைக்குள் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது முழு உருமாற்றமாகத் தெரியவில்லை. புரதம் அவிழ்கிறது, துண்டாகிறது, அவ்வளவே. எந்தப் பிராணி என்பதை அந்தத் துண்டுகளின் அமினோ அமில வரிசையை வைத்தே ஆய்வகத்தில் இன்றும் அடையாளம் காண முடிகிறது. டிஎன்ஏ சிதைந்துவிடுவதால் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை சில சமயம் தவறும், ஆனால் துண்டுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பெப்டைடு அடையாளம் பிடிபட்டுவிடும். பன்றியா மாடா என்று அது சொல்லும். அறுத்ததா செத்ததா என்று எந்தக் கருவியும் சொல்லாது. அதற்குக் காகிதம்தான் ஒரே வழி.

டப்பா லேபிளுக்கு வருவோம். இந்தியாவில் விற்கும் உணவுப் பொருளில் ஜெலட்டின் சேர்த்தால் அது பிராணியிலிருந்து வந்தது என்று பொருள் பட்டியலில் எழுத வேண்டும் என்பது விதி. எந்தப் பிராணி என்று எழுதக் கட்டாயம் இல்லை. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம் என்று காட்டும், அதற்கு மேல் ஒன்றும் காட்டாது. பச்சை வட்டம் போட்டு 'வெஜ் கொலாஜன்' என்று விற்பதில் கொலாஜன் கிடையாது. தாவரத்தில் கொலாஜன் இல்லவே இல்லை. வைட்டமின் சி, மூங்கில் சிலிக்கா, சில அமினோ அமிலம் சேர்த்து, உடம்பு தானே கொலாஜன் உண்டாக்க உதவும் என்கிறார்கள். ஹலால் கவலை அதில் குறைவு, ஆனால் பெயரை நம்பி அந்த விலை கொடுக்காதீர்கள்.

நோன்பு திறக்க நம் வீடுகளில் செய்யும் கடல்பாசியைச் சிலர் ஜெலட்டின் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். அது கடலில் விளையும் பாசி, பிராணியோடு சம்பந்தமே இல்லை. உறையும் குணத்துக்கு ஜெலட்டினுக்குப் பதில் தாராளமாகப் போடலாம். ஆனால் அது மாவுச்சத்து வகை நார், அதில் கொலாஜன் கிடையாது.

இப்போது பெரும்பாலோர் கேட்காமல் விடும் கேள்வி. மூலப்பொருள் மீன்தான், கவலையில்லை என்று வாங்குகிறோம். அந்த மீன் தோலைத் துண்டாக்கிய என்சைம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பாக்டீரியாவிலிருந்து எடுத்ததாக இருக்கும், பப்பாளியின் பப்பேனாகவும் இருக்கலாம், பிரச்சினை இல்லை. ஆனால் பெப்சின் என்ற என்சைமும் இந்தத் தொழிலில் புழங்குகிறது. அதன் வழக்கமான மூலம் பன்றியின் இரைப்பை. என்சைம் வேலை முடிந்ததும் சூட்டில் செயலிழந்துவிடும், அதனால் லேபிளில் பெயர்கூட வராது. மீன் கொலாஜனுக்கும் ஹலால் சான்று கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அதேபோல் கேப்ஸ்யூல் உறை. உள்ளே மீன் கொலாஜன், வெளியே எந்த ஜெலட்டின் என்றே தெரியாத உறை! ஹெச்பிஎம்சி என்று போட்டிருந்தால் அது தாவர செல்லுலோஸ், கவலை வேண்டாம். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ மாதிரி மெத்தென்ற கேப்ஸ்யூல்களின் உறை பெரும்பாலும் ஜெலட்டின்தான். வைட்டமின் ஏ, டி3 பவுடர்களிலும் சில சமயம் ஜெலட்டின் பூச்சு ஒளிந்திருக்கும். கொலாஜனோடு சேர்த்து வரும் ஹையலூரானிக் அமிலம் சேவல் கொண்டையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நொதித்தலிலும் எடுக்கப்படுகிறது. காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறா எதிலிருந்தும் வரலாம். மூட்டுக்கென்று விற்கும் 'டைப் 2' கொலாஜன் பெரும்பாலும் கோழி நெஞ்சுக் குருத்தெலும்பு. கோழி என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது, அதையும் அறுத்திருக்க வேண்டும். ஆக, ஒரே டப்பாவுக்குள் நாலைந்து பிராணிகள் இருக்கக்கூடும். பொருள் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. சுவையூட்டி, நிறம் எதுவும் இல்லாத, ஒரே பொருள் கொண்ட பவுடராகப் பாருங்கள்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துக் கேப்ஸ்யூலை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மருந்தில் நிர்பந்தம் என்ற சலுகை உண்டு. மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பல மருந்துகளுக்குக் கிடைக்கும். கொலாஜன் பவுடருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அது இல்லாமல் யாருக்கும் உயிர் போகப் போவதில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் முதல் தேர்வு மீன். மீனுக்கு அறுப்பு தேவையில்லை என்பதால் சங்கிலியின் பெரிய கண்ணி ஒன்று தானாகவே சரியாகிவிடுகிறது. குர்ஆனில் அல்மாயிதா அத்தியாயத்தின் 96-ஆம் வசனம் கடல் வேட்டையை ஹலாலாக்கியிருக்கிறது. திலாப்பியா, பாசா, காட் மீன்களின் தோலும் செதிலும்தான் இதற்கு அதிகம் பயன்படுகின்றன. 'மரைன்' என்று மட்டும் போட்டிருந்தால் மீனா, ஜெல்லிமீனா, கடல் அட்டையா என்று கேளுங்கள். ஹனபி மத்ஹபில் கடலில் மீன் மட்டுமே ஹலால். மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. அடுத்த தேர்வு, ஹலால் சான்று உள்ள மாட்டுக் கொலாஜன்.

சான்று என்றால் டப்பாவில் அரபியில் 'ஹலால்' என்று அச்சிட்டிருப்பது அல்ல. யார் கொடுத்தது என்று பெயர் இருக்க வேண்டும். மலேசியாவில் ஜாகிம், சிங்கப்பூரில் மூயிஸ், இந்தோனேசியாவில் அரசு அமைப்பான பிபிஜேபிஹெச். இலங்கையில் ஆலிம்கள் சபையான ஜம்இய்யத்துல் உலமா கொடுத்துவந்த சான்று 2013 சர்ச்சைக்குப் பிறகு தனி அமைப்பின் கைக்குப் போய்விட்டது. இந்தியாவில் உள்நாட்டு விற்பனைக்கு அரசுச் சான்று கிடையாது, தனியார் அமைப்புகளும் ஜம்இய்யத் உலமா என்ற ஆலிம்கள் அமைப்பைச் சார்ந்த அறக்கட்டளைகளும் கொடுக்கின்றன. வெளிநாட்டுச் சான்று அமைப்புகளில் எவற்றை ஏற்கிறோம் என்று ஜாகிம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் டப்பாவில் உள்ள அமைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வடிகட்டி.

சான்றைக் கையில் வாங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பொருளின் பெயர், ஆலை முகவரி, காலாவதித் தேதி. நான் வேலையில் இருந்தபோது ஒரு சப்ளையர் அனுப்பிய சான்று எல்லா வகையிலும் சரியாக இருந்தது, தேதிகூடத் தாண்டவில்லை. மூட்டையில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தால் ஆலை முகவரி வேறு. ஒரே கம்பெனிக்கு இரண்டு ஆலை, சான்று ஒன்றுக்கு மட்டும். கேட்டதற்கு "ரெண்டும் நம்மதுதான் சார்" என்றார்கள். முழு லாரியையும் திருப்பி அனுப்பினோம். அன்றிலிருந்து நான் முகவரியைத்தான் முதலில் படிப்பேன்.

இவ்வளவும் பார்த்து வாங்கினால் உம்மாவுக்குப் பலன் உண்டா? உள்ளதைச் சொல்ல வேண்டும். தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடியதாகப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் தினம் 2.5 முதல் 10 கிராம் வரை, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தவை. ஆனால் 2025-இல் கொரிய ஆய்வாளர்கள் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கம்பெனிப் பணத்தில் நடந்தவற்றில்தான் பலன் தெரிந்தது, அப்படி இல்லாதவற்றில் தெரியவில்லை. மூட்டுக்கு நல்லது என்று விளம்பரத்தில் சொல்ல அனுமதி கேட்டதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-லேயே ஆதாரம் போதாது என்று மறுத்துவிட்டது. முட்டிவலி கொஞ்சம் குறைந்தது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, பொய் என்று நான் தள்ளமாட்டேன். மூன்று மாதம் பார்த்து, மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

அளவையும் கவனியுங்கள். கேப்ஸ்யூல் ஒன்றில் 500 மில்லிகிராம் என்றால் 5 கிராமுக்குப் பத்துக் கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும். 'தினம் இரண்டு' என்று போட்டு விற்பதில் அர்த்தமில்லை. கம்மி மிட்டாய் வகையில் கொலாஜனைவிடச் சர்க்கரைதான் அதிகம். கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இல்லை, அதனால் முட்டை, பருப்பு, மீன் சாப்பிடுவதற்கு இது மாற்றாகாது. கால்சியம் ஆக்சலேட் சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கொலாஜனில் உள்ள ஒரு அமினோ அமிலம் உடம்பில் ஆக்சலேட்டாக மாறக்கூடியது.

டப்பா இல்லாமலே இதைக் கொடுக்க நம் வீட்டில் வழி இருக்கிறது. ஆட்டுக்கால் பாயா. அறுத்தது யார் என்று உங்களுக்குத் தெரிந்த கறிக்கடையில் நாலு கால் வாங்கி, தீயில் வாட்டிச் சுரண்டி, தட்டி, இஞ்சி பூண்டு மிளகு போட்டுக் குறைந்த தீயில் நாலைந்து மணி நேரம் வேகவிடுங்கள். ஒரு கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் பாருங்கள். மேலே வெள்ளையாகக் கொழுப்பு, கீழே கிண்ணத்தை ஆட்டினால் நடுங்குகிற கட்டி. அந்த நடுக்கம்தான் ஜெலட்டின். கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டு, சூடாக்கி, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கொலாஜனைக் கட்ட உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும். வீட்டில் இருக்கும் கொய்யாவோ நெல்லியோ கூட ஒன்று. இதில் எத்தனை கிராம் என்று டப்பாவைப்போல் கணக்குச் சொல்ல முடியாது, உப்பைக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் யார் அறுத்தது, எதில் வெந்தது என்று ஒவ்வொரு படியும் உம்மாவுக்கே தெரியும்.

முட்டிவலிக்கு ஒரு முறை எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் எடை கொஞ்சம் குறைவதும் எந்தப் பவுடரையும்விட உறுதியாக உதவும்.

கையில் இருக்கும் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். கம்பெனிக்கு மின்னஞ்சல் போடுங்கள். கொலாஜன் எந்தப் பிராணியின் எந்த உறுப்பிலிருந்து, எந்த நாட்டில் எடுத்தது? அந்த அறுப்புக்கூடத்துக்கும் கொலாஜன் ஆலைக்கும் ஹலால் சான்று உண்டா, நகல் அனுப்ப முடியுமா? எந்த என்சைம், அதன் மூலம் என்ன? அதே இயந்திரத்தில் பன்றி சம்பந்தப்பட்ட சரக்கு ஓடுகிறதா? இந்த நாலையும் கேளுங்கள். ஒழுங்கான கம்பெனி நகலோடு பதில் போடும். "எங்கள் பொருள் ஹலாலுக்கு உகந்தது" என்று ஒரே வரியில் முடித்தால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாமல் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.